தூணுக்கும் தண்ணீருக்கும் நடுவே

போன ஆவணியில் ஒரு காலை, எங்கள் குளத்து மேட்டிலுள்ள தூணிலிருந்து தண்ணீர் வரை நடந்து கவடுகளை எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. முதல் நூறு கவடு காய்ந்து வெடித்த களி. அடுத்த நூறில் புல் முளைத்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மிச்சம் கால் புதையும் சேறு. தூண் சீமெந்தால் ஆனது. என் நெஞ்சளவு உயரம். அதில் பொருத்தியிருந்த தகரப் பலகை, படகில் ஏறவும் இறங்கவும் அனுமதிக்கப்பட்ட இடம் இதுவே என்று மூன்று மொழிகளில் சொன்னது. தூணோடு ஒரு வள்ளம் கட்டியிருந்தது. காய்ந்த களியின் மேல், சற்றுச் சரிந்து, எட்டுக் கதிரைகளோடு.

வள்ளம் என் தங்கையின் கணவருடையது. மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீடுகள் தர்மபுரத்துக்கு உள்ளே, குளத்து வாய்க்காலின் ஆகக் கடைசியில் இருக்கின்றன. பங்குனி வாக்கில் கூட்டம் வைத்து, குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து, எந்தெந்த வாய்க்காலுக்குக் கோடைச் சிறுபோகம் என்று தீர்மானிப்பார்கள். கடைசி வாய்க்காலின் பெயர் அந்தக் கூட்டத்தில் அடிபட்டதை நான் அறியேன். எங்களுக்கு மாரிப் போகம் மட்டுந்தான். பங்குனியில் அறுப்பு முடிந்தால் புரட்டாதி வரை மச்சானுக்கு வயலில் வேலையில்லை. அந்த ஆறு மாதத்துக்காகத்தான் அவர் வள்ளத்தைக் கட்டினார். "மற்றவைக்கு மேட்டு வாய்க்கால், எங்களுக்கு இது" என்று எஞ்சினில் தட்டிச் சொல்வார்.

முல்லைத்தீவுக் கரையில் கழித்துவிட்ட இரண்டு பைபர் வள்ளங்களை வாங்கி, குறுக்கே மரம் போட்டுப் பிணைத்து, மேலே பலகை அடித்தார். எட்டுப் பிளாஸ்டிக் கதிரைகளின் கால்களைப் பாதியாக அறுத்துப் பலகையோடு முடுக்கினார். தங்கை நீலத் தறப்பாளை வெட்டிக் கூரை தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் சனம் வரும். ரியூசன் பிள்ளைகள், கோயிலுக்கு நேர்த்தி வைத்து வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள். குளத்தின் நடுவில் நிற்கும் பட்டமரங்களைச் சுற்றி, நீர்க்காகங்களைக் காட்டி, அரை மணித்தியாலத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். கரையில் தங்கை தேத்தண்ணியும் வடையும் வைத்திருப்பாள்.

துறை என்று ஒரு இடம் இருக்கவில்லை. இந்தப் பக்கத்துக் குளங்களில் துறை தண்ணீரோடு போகும். குளத்தின் அலைகரை தட்டையானது. தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் கரை பத்துப் பதினைந்து கவடு உள்ளே போய்விடும். மீன் பிடிக்கிறவர்களும் உடுப்புத் தோய்க்கிறவர்களும் அப்படியே தண்ணீருக்குப் பின்னால் போவார்கள். மச்சானிடம் நல்ல வைரம் பாய்ந்த பனம் பலகை ஒன்று இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய், தண்ணீர் நிற்கிற இடத்தில் போட்டுவிட்டு வருவார். தங்கை பக்கத்தில் ஒரு தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டுவாள். வீதியில் வருகிறவர்கள் துணியைப் பார்த்து நடந்து வருவார்கள்.

பிறகு விதிகள் வந்தன.

முதல் விதி வந்ததில் எனக்கும் பங்குண்டு. நான் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன். முதலில் பிரதேச நிருபர், பிறகு ஆசிரிய பீடம். வேறொரு குளத்தில் உல்லாசப் படகு கவிழ்ந்து இரண்டு பேர் மூழ்கியபோது, செய்தியை எழுதியது நான். கடைசிப் பந்தியில், இப்படகுகளைக் கட்டுப்படுத்த எவ்வித ஒழுங்கும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அது உண்மை. இன்றைக்கு எழுதினாலும் அந்த வரியைச் சேர்ப்பேன்.

சில மாதங்களில் பாதுகாப்பு அங்கி கட்டாயமாயிற்று. மச்சான் முணுமுணுத்தார், ஆனால் வாங்கினார். அடுத்ததாக வள்ளத்துக்கு இலக்கம் எழுதச் சொன்னார்கள். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது என்றார்கள். அவரிடம் இருந்ததே எட்டுக் கதிரை. மாலை ஐந்தரைக்குப் பிறகு ஓடக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. மதகுத் துருசடிக்கும் குளக்கட்டுக்கும் கிட்டப் போகக்கூடாது. பறவை அடைகிற மரங்களுக்கு இத்தனை அடி தள்ளியே போகவேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அலுவலகம் சொன்னது. வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகக் கதைத்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், ஒருவர் குடும்பத்தோடு வந்து வள்ளத்தில் ஏறியும் போனார். ஒரு விதியையாவது தனியே எடுத்துப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தங்கைதான் சொன்னாள்: "அண்ணை, முந்தி ஆக்கள் குளத்தைப் பாக்க வருவினம். இப்ப எங்களைப் பாக்க வருகினம்."

கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி அனுமதிப் பத்திரம் என்று ஒன்று வந்தது. அது இல்லாத படகு தண்ணீரில் இறங்க முடியாது. விண்ணப்பித்தால், குளத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து இடத்தைப் பார்த்து அளப்பார்.

அவர் வந்தது தை மாதம். அந்த மாரி நல்ல மழை. குளம் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வான்கட்டுக்கு மேலால் வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்தது. வான் பாய்கிற செய்தி கேட்டால் இங்கே வீடுகளில் ஆட்கள் தங்க மாட்டார்கள். அக்கராயன் பக்கத்திலிருந்துகூட உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி வந்திருந்தார்கள். வான்கட்டில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடும் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது. வெள்ளத்தைக் கண்காணிக்க எப்படியும் அன்று வரவேண்டிய அதிகாரி, அதே பயணத்தில் மச்சானின் அளவையும் முடித்துக்கொள்ள நினைத்திருக்கிறார். ஓய்வு பெறும் வயது. காற்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தார். கையில் அளவு நாடா.

"அண்ணை, வள்ளம் எங்கையிருந்து வெளிக்கிடும்?"

"தண்ணி நிக்கிற இடத்திலையிருந்து, சேர்."

"அப்பிடிப் படத்திலை புள்ளி வைக்கேலாது. ஒரு இடத்தைக் காட்டுங்கோ."

மச்சான் சுற்றிப் பார்த்தார். கட்டு முடிந்து மேடு தொடங்குகிற பக்கத்தில் ஒரு பெரிய மருதமரம் நிற்கிறது. அன்று தண்ணீர் அதன் வேரை நனைத்துக்கொண்டிருந்தது. "இஞ்சை வையுங்கோ. நிழலும் இருக்கு, ஆக்கள் நிக்கலாம்" என்றார். அதிகாரி அளந்தார். மச்சான் அன்றைக்கே ஒரு கம்பை அடித்தார். அடுத்த கிழமை சீமெந்துத் தூண் வார்த்தார். வார்த்து முடித்ததும் அதன் தலையில் ஒரு பூவும் வைத்தார்.

ஐந்து வயதிலிருந்து அந்தக் குளத்தோடு கிடந்தவர், தை மாதத்துக் கரை வைகாசியில் எங்கே போகும் என்று தெரியாதவர் அல்ல. எனக்கும் தெரியும். ஆனால் எங்களுக்குக் கடதாசி என்பது ஒரு வேலையைத் தொடங்குவதற்காக எடுப்பது. யுத்த காலத்தில் கடலுக்குப் பாஸ் எடுத்துப் போனபோது, பாஸில் ஒரு இடம் எழுதியிருக்கும். வள்ளம் மீன் இருக்கிற இடத்துக்குப் போகும். திரும்பி வரும்போது பாஸ் கையில் இருந்தால் போதும். கடதாசியை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கேட்டால் காட்டுவது. அதில் எழுதியிருக்கிற இடத்தில்தான் ஒருவன் நிற்கவேண்டும் என்று மச்சான் நினைக்கவேயில்லை.

விண்ணப்பத்தை எழுதும் வேலை என்னிடம் வந்தது. "மச்சான், நீர் பேப்பரிலை இருந்தனீர். நீரே எழுதும். என்ரை தமிழ் வரம்புக்குத்தான் சரி" என்றார். நான் கூலிக்கு மனு எழுதுகிறவனைப் போல எழுதவில்லை. நன்றாக எழுதவேண்டும் என்று எழுதினேன். இடம், தூரம், திசை. அதிகாரியிடம் அந்த நீர்மட்டத்துக்கு என்ன பெயர் என்றுகூடக் கேட்டுக்கொண்டேன். 'மேற்கு மேட்டில் உள்ள மருதமரத்திலிருந்து தெற்காகப் பதினெட்டு அடி தூரத்தில், முழு நீர்மட்டக் கோட்டில் நாட்டப்பட்டுள்ள தூணடியில் பயணிகள் ஏற்றி இறக்கப்படுவர்.'

பங்குனியில் பத்திரம் வந்தது. பின்பக்கத்தில் பதினொரு நிபந்தனைகள். இரண்டு முறை வாசித்தேன். பழைய பழக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து மச்சானுக்குக் காட்டினேன். அவர் சிரித்தார். வேறு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

வைகாசியில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள், வழமைபோல முல்லைத்தீவிலிருந்து ஒரு கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். இடம்பெயர்ந்து போயிருந்து திரும்பி வந்து புடவைக்கடை போட்டவர். நாலு வருடமாகப் பெருநாளுக்கு மறுநாள் அவருக்கும் மனைவிக்கும் மக்களுக்குமாக வள்ளம் ஒதுக்கப்பட்டிருக்கும். தண்ணீர் அப்போது தூணிலிருந்து நூற்றைம்பது கவடாவது உள்ளே போயிருந்தது. பனம் பலகை தண்ணீரோரத்தில் கிடந்தது. சிவப்புத் துணி பறந்தது. நான் தங்கையோடு தேத்தண்ணிக் கேத்தலுக்குப் பக்கத்தில் நின்றேன். எட்டுப் பேரும் அங்கி போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எஞ்சின் கயிற்றை மச்சான் இழுக்கப்போன நேரம், மேட்டில் ஒரு வாகனம் நின்றது.

பழைய அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார். வந்தவர் புதியவர், முப்பது வயதுக்குள். கூட இரண்டு பொலிஸார். அவர் தூணடியில் நின்று வள்ளத்தைப் பார்த்தார். பிறகு சேற்றுக்குள் சப்பாத்தோடு நடந்து வந்தார்.

"பெமிற் இருக்கோ?"

மச்சான் சந்தோசமாகத்தான் பிளாஸ்டிக் உறையை நீட்டினார். அதிகாரி வாசித்தார். திரும்பித் தூணைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"இதிலை தூணடி எண்டு கிடக்கு. நீங்கள் இஞ்சை ஏத்துறியள்."

"தூணடியிலை தண்ணி இல்லையே, சேர்."

"அது எனக்கும் தெரியுது அண்ணை. இஞ்சை ஏத்த உங்களுக்கு அனுமதி இல்லை. எல்லாரையும் இறக்குங்கோ."

வள்ளத்திலிருந்து கடைக்காரர் கேட்டார்: "அப்ப என்ன சேர், தூணைத் தண்ணிக்குக் கொண்டு வரவோ, தண்ணியைத் தூணுக்குக் கொண்டு போகவோ? எதெண்டாலும் சொல்லுங்கோ, நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறம், பிடிக்கலாம்." பொலிஸாரில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கடைக்காரரின் மனைவி மடியில் சாப்பாட்டுச் சட்டியை வைத்திருந்தார். "மகன், எழுதுறதைக் கெதியா எழுதுங்கோ. சட்டி ஆறுது. உங்களுக்கும் போட்டுத் தாறன்" என்றார். அதிகாரி காது வரை சிவந்துபோனார். ஆனால் எழுதினார். எழுதி முடித்து மச்சானிடம் கையெழுத்து வாங்கினார்.

எட்டுப் பேரும் பலகையில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைக்காரர் மச்சானின் தோளைப் பிடித்து, "தம்பி, அடுத்த பெருநாளுக்கும் இந்த வள்ளந்தான். எனக்கு வேறை வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனுமதிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் படகைக் கட்டி வைக்கவும் கூடாதாம். மறுநாள் உழவு இயந்திரம் பிடித்து, வள்ளத்தைச் சேற்றுக்குள்ளால் இழுத்துக்கொண்டு போய்த் தூணில் கட்டினோம். பழக்கமான சாரதிதான். "வயலுக்கை எதையெல்லாமோ இழுத்தனான். வள்ளம் இதுதான் முதல்" என்றார். மச்சான் சிரிக்கவில்லை.

இடத்தை மாற்றித் தரும்படி கேட்க அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். அதே அதிகாரி கதிரை போட்டு இருத்தினார். கோப்பைத் திறந்து என் வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதை ஆர் எழுதினது? வடிவா எழுதியிருக்கினம். எங்களுக்கு வாற விண்ணப்பத்திலை பாதி விளங்குறேல்லை."

"இவர்தான், சேர்" என்றார் மச்சான். "பேப்பர்க்காரர்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "சும்மா குளக்கரை எண்டு எழுதியிருந்தா நான் பாத்தும் பாக்காத மாதிரிப் போயிருப்பன், ஐயா. இது அடிக்கணக்கிலை கிடக்கு. நாளைக்கு ஒண்டு நடந்தா, ஏன் விட்டனி எண்டு என்னைத்தானே கேப்பினம்?"

அது நியாயமான கேள்வி. மூழ்கிய இரண்டு பேருக்காக அதே கேள்வியை ஒரு காலத்தில் நான் வேறொரு அதிகாரியிடம் கேட்டிருக்கிறேன்.

இடத்தை மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். தூணுக்கு உள்ளே இருப்பதெல்லாம் குளத்தின் வயிறு; அதற்குள் துறை என்று எதையும் அனுமதிக்க முடியாது. அனுமதிக்கக்கூடிய ஆகக் கிட்டிய இடம் முழு நீர்மட்டக் கோடுதான். அங்கேதான் தூண் இருக்கிறது. அவர் சொல்லிக்கொண்டே பத்திரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். ஏழாவது நிபந்தனை கண்ணில் பட்டது: வான் பாயும் நாட்களிலும் அதற்கடுத்த மூன்று நாட்களிலும் எந்தப் படகும் செலுத்தலாகாது.

நான் அதைப் பங்குனியில் இரண்டு முறை வாசித்தவன். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தது அப்போதுதான். தண்ணீர் தூணைத் தொட்டால் குளம் நிரம்பிவிட்டது என்று பொருள். குளம் நிரம்பினால் வான் பாயும். வான் பாய்ந்தால் ஓடக்கூடாது. பாய்வது நின்று மூன்று நாளில் கரை தூணை விட்டுப் போயிருக்கும்.

மச்சானே கேட்டார்: "அப்ப சேர், எந்த நாள் எங்களுக்கு ஓடலாம்?"

அதிகாரி வாசித்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். மேலே காற்றாடி சுழன்றது. "எனக்கு விளங்குது அண்ணை" என்றார். பிறகு, "ஆனா நான் போட்ட நிபந்தனை இல்லை" என்றார். வெளியே வரும்போது வாசல் வரை கூட வந்தார்.

அந்தச் சிறுபோகம் முழுவதும் வள்ளம் தூணில் நின்றது. மச்சான் ஒரு மாதம் சீமெந்துக் கல் அரிகிற இடத்துக்குக் கூலிக்குப் போனார். மிச்ச நாட்களில் வீட்டில் இருந்து வேலியைப் பிரித்துக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த சனம், வீதியில் நின்று சிவப்புத் துணியைத் தேடிவிட்டுத் திரும்பிப் போனது. ஆவணியில் நான் கவடு எண்ணியதை அவருக்குச் சொன்னேன். "எண்ணி ஆருக்கு எழுதப்போறீர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

மார்கழியில் மழை பிடித்தது. தையில் குளம் நிரம்பிற்று. ஒரு காலை நாங்கள் போனபோது, வள்ளம் தூணடியில் மிதந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாகச் சரிந்து கிடந்தது நிமிர்ந்து, கயிறு இழுத்த திசையில் மெல்ல ஆடியது. வான் பாயும் சத்தம் கேட்டது. வீதியிலிருந்து இறங்கும் இடத்தில் அலுவலகத்தார் மஞ்சள் நாடா கட்டி, படகு செலுத்தத் தடை என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

சனம் திரண்டு வந்தது. சிலர் நாடாவுக்குக் கீழாகக் குனிந்து வந்து, வள்ளத்தில் ஏறிக் கதிரைகளில் இருந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மச்சான் அங்கிகளை எடுத்துக் கொடுத்தார். ஓடாத வள்ளத்திலும் அங்கி இல்லாமல் ஏற விடவில்லை. வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னண்ணை, இது ஓடாதோ?"

"ஓடாது. பெமிற் இருக்கு" என்றார் மச்சான்.

அந்த மனிதர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் தங்கையிடம் தேத்தண்ணி வாங்கி அவருக்குக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் வான் பாய்ந்தது. நின்று மூன்றாம் நாள் பின்னேரம் நாடாவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். வள்ளத்தின் அடி அதற்குள் தரையைத் தொட்டுவிட்டது. தண்ணீர் இருபத்தாறு கவடு தள்ளி நின்றது. மச்சான் தூணில் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேருமாகத் தள்ளினால் பத்து நிமிடத்தில் இறக்கியிருக்கலாம். அவர் தள்ளவில்லை.

மாசியில் புதுப்பிக்கும் படிவம் வந்தது. மேசையில் வைத்துவிட்டு, பேனையை எடுக்க நான் கை நீட்டினேன். "நீர் விடும்" என்றார். அவரே இருந்து எழுதினார். ஏற்றி இறக்கும் இடம் என்ற கட்டத்தில், பெரிய எழுத்தில், 'தண்ணி நிக்கிற இடம்' என்று எழுதி, தபாலில் போட்டார். மூன்று கிழமையில் படிவம் திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, 'தெளிவில்லை' என்று பக்கத்தில் குறித்திருந்தார்கள். அவர் அதை வாசித்துவிட்டு மடித்து, பழைய பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே போட்டு அலுமாரியில் வைத்தார். மறுபடி அனுப்பவில்லை.

பங்குனியில் தங்கை கிளிநொச்சியில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தாள். காலை ஐந்தே முக்காலுக்கு ஆலை வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வீதியில் குளம் தெரிகிற வளைவு வரும்போது தான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பதாக ஒருமுறை சொன்னாள். மச்சான் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து சாக்கால் மூடிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார். வள்ளம் தூணில்தான் நிற்கிறது. அதை அங்கிருந்து எடுக்கவும் யாரிடமோ எழுதிக் கேட்கவேண்டும். கடைக்காரருக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். "பெருநாளுக்கு எப்பிடியும் வருவம். சட்டியோடை வாறம். கரையிலை இருந்து சாப்பிடுறதுக்கும் கடதாசி வேணுமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை.

பனம் பலகையை மச்சான் தங்கையின் குசினி வாசலில் படியாகப் போட்டிருக்கிறார். கொஞ்சம் நீளம் கூட. ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அறுத்து அளவாக்கலாமே என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றார்.